ஆணி அடிக்காத சுவர்

அக்டோபர் 12, ஞாயிறு

உன் வீட்டுக்காரருக்கு எப்போதெல்லாம் மூச்சு இழுப்பு வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு வாம்மா என்றார் தெருமுனை டாக்டர். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். ஸ்கூலில் ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். போன வருஷத்து டைரி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது, எடுத்துக் கொடுத்தார். கிழமை தப்பாக இருக்கும், அடித்துவிட்டு எழுது என்றார். ஒரு மனுஷனுடைய மூச்சை மட்டும் எழுதினால் டைரிக்கே அலுத்துப் போகும். அதனால் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

நான் பூங்காவனம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆயா. மூக்கு துடைப்பது என் உத்தியோகம். என் வீட்டுக்காரர் முனிரத்தினம். ஒரு அபார்ட்மெண்டில் ராத்திரி வாட்ச்மேன். ஊர் தூங்கும்போது அவர் முழிப்பார், ஊர் முழித்திருக்கும்போது தூங்குவார். இத்தனை வருஷம் நாங்கள் சண்டையில்லாமல் குடும்பம் நடத்துவதற்கு இது ஒன்றுதான் காரணம்.

அயனாவரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருக்கிறோம். முன் அறையிலேயே அடுப்பு. உள் அறை அவர் பகலில் தூங்குவதற்கு. மாடியில் ஓனரம்மா. அவர்கள் பாத்ரூம் குழாய் எங்கள் உள் அறைச் சுவருக்குள் இறங்குகிறது. உள்ளே எங்கேயோ விரிசல். ஆடியில் ஒரு தோசை அளவுக்கு ஓதம் இருந்தது. இப்போது பாய் அளவு. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பூத்திருக்கிறது. ஜன்னல் மரமும் உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது.

இழுப்பு: மத்தியானம் ஒரு தடவை.

அக்டோபர் 15, புதன்

ஓனரம்மா பிளம்பரைக் கூட்டி வந்தார். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே பாத்ரூம் தரையையும் கீழே இந்தச் சுவரையும் உடைத்தால்தான் குழாயை மாற்ற முடியும் என்றான். உடைப்பது என்று கேட்டதும் ஓனரம்மா முகம் மாறிவிட்டது. அவனை அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பெண் பிரதீபா மாசமாக இருக்கிறாள். புருஷன் கத்தாரில் வேலை. மாமியார் வீடு அம்பத்தூரில் இருந்தாலும் அம்மா பார்த்துக்கொண்டால்தான் சரி என்று ஆரம்பத்திலேயே இங்கே வந்துவிட்டாள். மாசமான பெண் இருக்கிற வீட்டில் இடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாதா.

"ரெண்டு போச்சு பூங்காவனம். இதுவாவது நிக்கணும். தை மாசம் பொறந்துடும். பொறந்த மறுநாளே ஆளைக் கூட்டியாந்து மொத்த சுவரையும் உடைச்சு சரி பண்ணித் தரேன்" என்றார். பிரதீபா காதில் மட்டும் போடாதே, நம்மால் ஒருத்தருக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் அவள் சாப்பிட மாட்டாள் என்றார். நல்ல மனுஷி. போகும்போது ஒரு டேபிள் ஃபேனும் கொடுத்தார்.

வீட்டுக்காரர் தூங்கி எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"வேணாம். அந்தப் பொண்ணு பெத்து எழட்டும்."

ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சை ஒரே நாளில் செலவு பண்ணிவிட்டார்.

இழுப்பு: இரண்டு தடவை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஓனரம்மா பலகாரம் கொண்டுவந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, எட்டு வருஷமாகச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத குடித்தனக்காரர்கள் யாருக்குக் கிடைப்பார்கள் என்று புகழ்ந்தார். அந்தப் புகழ் என் வீட்டுக்காரருக்குத்தான் சேரும். ஆணி, சுத்தியல் இரண்டையும் அவர் கையால் தொட மாட்டார். காலண்டர், கண்ணாடி, முருகர் படம், கடிகாரம் எல்லாம் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகின்றன. மணி என்ன என்று யாராவது கேட்டால் முருகரைக் கொஞ்சம் நகரச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னலையாவது ஆசாரியை வைத்து இழைத்துத் தரலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்கும் சட்டத்தைத் தட்டிக் கழற்ற வேண்டும். கேட்கவில்லை. அதிரசம் நன்றாக இருந்தது.

வெடிப் புகையில் அவருக்குச் சாயங்காலம் முழுக்க இழுப்பு. புகைதான் காரணம்.

நவம்பர் 2, ஞாயிறு

பிரதீபாவுக்கு மாங்காய்த் தொக்கு கொண்டுபோனேன். படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மாடியிலேயே கிடக்கிறாள். மாதம் ஒரு தடவை காரில் செக்கப்புக்குப் போய் வருவதுதான் அவளுக்கு ஊர்வலம். என்னை அக்கா என்பாள், அவரை அங்கிள் என்பாள். முறை பார்த்தால் நான் அவருக்கு மகள். இதை அவரிடம் ஒரு நாள் சொன்னேன். அதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றார்.

தொக்கை விரலால் வழித்துக்கொண்டே கேட்டாள்.

"கீழ யாருக்கா இப்படி இருமறாங்க? அங்கிளா?"

சமையல்கட்டிலிருந்து ஓனரம்மா என்னையே பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"வேற யாரு. பீடிதான். ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஊதித் தள்றாரு."

பாவம், அவர் பீடியைக் கையால்கூடத் தொட்டதில்லை. சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பினார். மேலேயிருந்து பிரதீபா குரல் கொடுத்தாள். அங்கிள், பீடியை விடுங்க, அக்கா பாவம் என்றாள். அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கோலப்பொடி டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"சரிம்மா, விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

போன திங்கட்கிழமை பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்தேன். வெள்ளையாகி, வெள்ளிக்கிழமைக்குள் பழையபடி வந்துவிட்டது. இப்போது கறுப்போடு கொஞ்சம் பச்சையும். வாடகை தராமல் குடியிருக்கிறது இந்தப் பூசணம். அவர் பெல்ட், டியூட்டித் தொப்பி, டிரங்குப் பெட்டியில் இருந்த என் கல்யாணப் புடவை எல்லாவற்றிலும் குடும்பம் பெருக்குகிறது.

படுத்தால் இழுக்கிறது என்று அவர் உட்கார்ந்தே தூங்குகிறார். வீட்டிலும் வாட்ச்மேன். சாய்ந்துகொள்வதும் அந்தச் சுவர்தான், அறையில் வேறு சுவர் பக்கம் இடமில்லை.

முன் அறையில் படுங்களேன் என்றேன். அடுப்பு எரிகிற இடத்தில் எப்படி என்று கேட்டார். நியாயம்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. இழுப்பு ஐந்து தடவைக்குப் பிறகு எண்ணவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் வர வேண்டிய மனுஷன் மத்தியானம் வந்தார். போன வாரமும் இப்படித்தான். எந்தத் தெருவில் இன்னொரு வீடு வைத்திருக்கிறீர்கள், அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் கூண்டிலேயே நாற்காலியில் தூங்கிவிட்டு வருகிறாராம்.

"அங்க மூச்சு நல்லா வருது பூங்கா."

அந்தக் கூண்டில் கால் நீட்டக்கூட முடியாது. அதற்குமேல் நான் கிண்டல் பண்ணவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

நான் இருமுவதைப் பார்த்து ஜெசிந்தா டீச்சர் கூப்பிட்டு விசாரித்தார். எனக்கு வெறும் சாக்பீஸ் தூள்தான். வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுவர், குழாய் ரிப்பேரெல்லாம் ஓனர் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறதாம். சொல்லியும் செய்யவில்லை என்றால் நாமே ஆள் வைத்துச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமாம். நான் எழுதித் தருகிறேன், நீ கொண்டுபோய்க் கொடு, எதற்குப் பயப்படுகிறாய் என்றார்.

ஓனரம்மாவிடம் எனக்கு என்ன பயம். அவர் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லையே, தை வரட்டும் என்கிறார். டீச்சருக்கு இதைச் சொன்னால் விளங்காது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமல் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

டிசம்பர் 7, ஞாயிறு

பிரதீபாவுக்கு வளைகாப்பு. மாடி நிறையக் கூட்டம். மயில்கழுத்துப் பச்சையில் புடவை கட்டி, கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டு, பெண் ஜொலித்தாள். எல்லோரும் போட்ட பிறகு, அக்காவும் வளையல் போடட்டும் என்று கூப்பிட்டாள். ஓனரம்மா பக்கத்தில் இருந்த பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கையெல்லாம் மாவு என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனேன். கையில் மாவு ஒன்றும் இல்லை.

எழுதினால் என்ன. எனக்கும் ஒன்று தங்கியது, கல்யாணமான மறு வருஷம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது வியாசர்பாடியில் ஓட்டு வீடு. ஐந்தாவது மாதமே தொட்டிலுக்குக் கொக்கி மாட்டுகிறேன் என்று உத்தரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடித்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு இன்னும் காதே முளைத்திருக்காது, அதற்குள் ஏன் இந்தச் சத்தம் என்று கேலி பண்ணினேன். அந்த வாரமே போய்விட்டது. கொக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை உட்கார வைத்துச் சொன்னார். தெருவில் இருந்த பொம்பளைகள் வேறு மாதிரி சொன்னார்கள். அவர் தெருவைத்தான் நம்பினார். அப்புறம் எங்களுக்கு எதுவும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சுத்தியலைத் தொட்டதில்லை.

நான் யாரை நம்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கீழே வந்தேன். மேளச் சத்தம் முடிந்துவிட்டதா, அந்தப் பொண்ணு நன்றாக இருந்தாளா என்று கேட்டார். இதைக் கேட்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று கூண்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அபார்ட்மெண்ட்காரர்கள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒருவழியாக உங்களுக்கும் கொம்பு முளைத்துவிட்டது, ஆனால் தலையில் முளைக்காமல் மூக்குக்குள் திரும்பி முளைத்திருக்கிறது என்றேன். கண்ணால் சிரித்தார்.

டாக்டர் சின்னப் பையன். வீட்டில் ஓதம் உண்டா, சுவரில் பூசணம் உண்டா என்று கேட்டான். கொஞ்சம் இருக்கிறது சார் என்றேன். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டான். கையை விரித்துக் காட்டினேன். கை பத்தவில்லை.

"பூசணம் நுரையீரல்லயே பிடிச்சிருக்கும்மா. அந்த ரூம்ல இனிமே ஒரு நாள்கூட படுக்க வைக்காதீங்க. சுவரைச் சரி பண்ணுங்க, இல்ல வேற வீடு பாருங்க."

சரிங்க சார் என்றேன். பேச்சில் ரொம்ப சுலபமாக இருந்தது.

டிசம்பர் 20, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். அடுப்பை வாசல்படி ஓரம் கொண்டுபோய் வைத்தாயிற்று. சமைக்கும்போது தெருவில் போகிறவர்களெல்லாம் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிறார்கள். உள் அறைக் கதவைச் சாத்தி, அடியில் கோணி சொருகினேன். வாசனை அதற்குள்ளேயே இருக்குமா என்ன.

வேறு வீடு பார்க்கத் தெருத்தெருவாக அலைந்தேன். மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், யாரும் வீட்டுச் சாவியைக் கொடுக்கவும் மாட்டார்கள். கொளத்தூரில் ஒரு அம்மா, தை பிறக்கட்டும், முதல் வெள்ளிக்கிழமையே வந்துவிடு என்றார். மாடிப் போர்ஷன். எல்லாப் பக்கமும் ஜன்னல்.

இடிக்கவும் தை வர வேண்டும். குடி போகவும் தை வர வேண்டும். அவரிடம் சொன்னேன், இத்தனை பேர் உன்னை எதிர்பார்க்கிறோம், சீக்கிரம் வா என்று தை மாதத்துக்கு ஒரு போன் போடுங்கள் என்று.

டிசம்பர் 28, ஞாயிறு

பிரதீபா மாடியிலிருந்து கூடையில் கயிறு கட்டி இருமல் மிட்டாய் இறக்கினாள். பீடி பிடிக்கத் தோன்றும்போது வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவளிடம் சொல்லிடலாமா என்று கேட்டேன்.

"மாசமா இருக்கற பொண்ணுகிட்ட அழுவற கதை சொல்லுவியா நீ?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜனவரி 2, வெள்ளி

மறுபடி ஆஸ்பத்திரி. வாயில் மாஸ்க் வைத்திருக்கிறார்கள். அதனால் எனக்குத்தான் இரண்டு பேர் பேச்சும்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் அவர் போய்விட்டார்.

ஜனவரி 7, புதன்

வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஓனரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். என் காலைக்கூடத் தொடப் போனார், நான் பிடித்துக்கொண்டேன். நிறைமாசக்காரி இருக்கிற வீட்டு வாசலில் சாவு கிடக்கக் கூடாது, அவள் கண்ணில் படக் கூடாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நானே சரி என்றேன். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாடு. காரியமெல்லாம் ஜெசிந்தா டீச்சர் வீட்டில். அழுததும் அங்கேதான். நம் வீட்டில் அழுதால் மாடிக்குக் கேட்கும்.

பிரதீபாவிடம் அவர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறது. இன்று வாசலில் என்னைப் பார்த்துவிட்டு மேலே கூப்பிட்டாள். பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அங்கிள் இல்லாமல் போரடிக்கிறதா என்று கேட்டாள். தொல்லை விட்டது, நிம்மதியாக இருக்கிறேன் என்றேன். சிரித்தாள். வயிறு இறங்கிவிட்டது. ஆண்தான்.

ஜனவரி 16, வெள்ளி

தை முதல் வெள்ளி. கொளத்தூர் அம்மா போன் பண்ணினார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒருத்திக்கு எதற்கு அத்தனை ஜன்னல்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஓனரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, சொல்ல முடியாமல் அழுதார். நான் சர்க்கரை வாங்கி வந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஓனரம்மா சொன்ன சொல் மாறவில்லை. பிரதீபா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரே நாளில் சுவரைத் திறந்தார்கள். உள்ளே குழாயில் ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இதுக்குத்தானா என்று கொத்தனாரே கேட்டான். புதுக் குழாய், புதுப் பூச்சு. ஆசாரி வந்து ஜன்னலை இழைத்தான்.

டம் டம் என்று அடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவர் இருந்தால் தெருக்கோடிக்குப் போய் நின்றிருப்பார்.

ஜனவரி 23, வெள்ளி

பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். வாசலில் ஆரத்தி எடுக்கும் நேரத்தில் நான் எதிரே நிற்பது சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா எங்கே என்று பிரதீபா கேட்டது காதில் விழுந்தது. ஸ்கூலுக்குப் போயிருக்கா என்றார் ஓனரம்மா.

விஷயம் தெரிந்தால் பால் வற்றிவிடும், இன்னும் கொஞ்ச நாள் பொறு என்கிறார். பொறுப்பதற்கு எனக்கு என்ன கேடு. பழகிவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று பிரதீபா யாரிடமும் சொல்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே படி இறங்கி வந்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளையை என் மடியில் போட்டாள். சூடாக, பஞ்சு மாதிரி இருந்தான்.

"எங்கக்கா அங்கிள்? இன்னும் ஊர்லயா? பீடியை விட்டாரா இல்லியா?"

பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவரு பீடியே குடிச்சதில்ல பிரதீபா."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சுவர், பூசணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். உள் அறையைக் காட்டினேன். வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தால் நான் சொல்வது பொய் மாதிரி இருக்கும். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"அம்பத்தூர்ல என் மாமியார் வீடு இருக்குதேக்கா. மாசாமாசம் செக்கப்புக்கு கார்ல போயிட்டுத்தானே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நாள் அங்க போய் இருந்திருப்பேன். நான் இல்லாதப்ப இடிச்சிருக்கலாமே."

நான் வாயைத் திறந்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய். பிள்ளையின் உச்சந்தலையில் வைத்து மூடிக்கொண்டேன்.

அம்பத்தூர். இங்கிருந்து ஒரே பஸ். ஓனரம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவளிடம் சொல்லக் கூடாது என்பதிலேயே மூன்று பேரும் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டோம்.

பிள்ளை அழுதான். பால் கொடு என்றேன். கொடுத்தாள். பால் வற்றவில்லை. இங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் அழுதுகொண்டே கொடுத்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அவர் போட்டோவைப் பெரிசு பண்ணிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். டியூட்டித் தொப்பியோடு இருக்கிறது, வேறு போட்டோ இல்லை. தொப்பியில் பூசணம் இல்லாத காலத்தில் எடுத்தது.

ஓனரம்மாவே சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொள் பூங்காவனம், எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்றார். கதவுப் பக்கம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிரதீபா அவரோடு ஒரு வாரமாகப் பேசவில்லை என்று தெரியும். நாளைக்கு மேலே போய் நான்தான் பேச வைக்க வேண்டும்.

உள் அறைச் சுவருக்கு நடுவில் ஆணியை வைத்துப் பார்த்தேன். நல்ல காய்ந்த சுவர். ஒரே அடியில் இறங்கியிருக்கும். மேலே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். சுத்தியலை ஓனரம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சம்மதிக்க மாட்டார் என்றேன். ஓனரம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஜன்னல் கம்பியில் முருகருக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் கயிறு கட்டி அவர் போட்டோவைத் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது ஜன்னல் முழுசாகத் திறக்கிறது. தெருக்காற்று நேராக உள்ளே வருகிறது. அதில் அவர் மெல்ல ஆடுகிறார். ஒரு தடவை காற்று வேகமாக வந்தபோது அப்படியே சுற்றி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போய்த் திருப்பி விட்டேன்.

"நல்லா காத்து வாங்குய்யா" என்றேன்.